மானுக்குப் பின்னால் வீதி கடந்தேன்

திருகோணமலை பஸ் நிலைய வீதியில் வாகனங்களின் வேகத்தைக் குறைக்கச் சொல்லி நாங்கள் ஏழெட்டுப் பெண்கள் மூன்று தடவை மனுக் கொடுத்தோம். "பாப்பம் அக்கா" என்று அதிகாரி மூன்று தடவையும் சிரித்தார்.

மஞ்சள் கோட்டுக் கடவையில் கையை உயர்த்திக்கொண்டு நின்றாலும் எவனும் நிறுத்த மாட்டான். ஒருநாள் காலை, டவுனுக்குள் திரியும் புள்ளிமான் ஒன்று சாவகாசமாக வீதியில் இறங்கியது. பஸ், லொறி, ஓட்டோ எல்லாம் பக்குவமாக நின்றன. எனக்கு வந்த ஆத்திரத்தில் மானுக்குப் பின்னாலேயே நடந்தேன்.

"கெதியாப் போங்கோ அக்கா!" என்று கத்தினார் பஸ் சாரதி.

"ஏலாது. முன்னுக்குப் போறவரிட்டச் சொல்லுங்கோ!"

நாலாவது மனுவை மான்களுக்காக எழுதினோம். இரண்டு கிழமையில் பலகை வந்துவிட்டது: "மான்கள் கடக்கும் இடம். மெதுவாகச் செல்லவும்."

இப்போது அங்கே வாகனங்கள் ஊர்கின்றன. நாங்களும் அங்கேதான் கடக்கிறோம். இதுவரை ஒருவரும் கொம்பைக் காட்டச் சொல்லவில்லை.