கரண்ட் வராத லேத்

மேல்நிலைப் பள்ளியில் தொழிற்கல்வி வாத்தியார் வேலை என்பது, நீந்தத் தெரியாதவன் கரையில் நின்று நீச்சல் சொல்லிக் கொடுக்கிற வேலை. எண்பதுகளில் இதே பிழைப்புப் பிழைத்தவர்கள் உங்களில் இருப்பீர்கள். உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

தொடாமல் கற்ற தொழில்

கோடை விடுமுறையில் ஆசிரியர் பயிற்சிக்கு எங்களை மலையிலிருந்து கீழே அழைத்திருந்தார்கள். நான் பௌதிகம் படித்தவன். இரும்பைச் சுழலவிட்டுக் கடைகிற லேத் மெஷினைப் பட்டறை வாசலில் நின்று பார்த்ததோடு சரி. ஹால் நிறைய ஆசிரியர்கள், நடுவில் ஒரே ஒரு லேத், யாரும் கிட்டே போகாதபடி சுற்றிலும் கயிறு. பயிற்சியாளர் கரும்பலகையில் படம் போட்டுப் பாகங்களின் பெயரைச் சொன்னார். ஒரு தடவை ஓட்டிப் பார்க்கலாமா என்று கேட்டேன்.

"ரிப்பேர் ஆச்சுன்னா நீங்களா பதில் சொல்வீங்க? பரீட்சையில படந்தான் சார் வரும்!"

சாக்குப் போர்த்திய சாமி

எங்கள் ஏற்காட்டுப் பள்ளிக்கும் ஒரு லேத் வந்தது. லாரி முக்கி முனகி மலையேறி வந்து இறக்கிய பிறகுதான், அதற்கு வேண்டிய மூன்று ஃபேஸ் கரண்ட் பள்ளியில் இல்லை என்பது எல்லோருக்கும் உறைத்தது. மேலிடத்துக்கு எழுதினோம், எழுதிக்கொண்டே இருந்தோம்.

பக்கத்து மலைக் கிராமமான வாழவந்தியிலிருந்து ஒருவர் தன் மகன் சின்ராஜைச் சேர்க்க வந்தார். அவர் காப்பி எஸ்டேட்டில் கூலி. மகனாவது சேலத்துப் பட்டறையில் வேலைக்குச் சேர வேண்டும் என்பது ஒன்றுதான் அவர் ஆசை. லேத் மேலிருந்த சாக்கைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏனுங்க சார், இது ஓடுமுங்களா, இல்ல கும்பிடறதுக்கு மட்டுங்களா?"

கை வைத்தியம்

எனக்குச் சும்மா இருக்க மனம் வரவில்லை. லேத்தில் இரும்பைக் கவ்விக்கொண்டு சுழலும் தலைக்கு 'சக்' என்று பெயர். அதை ஒரு பையன் கையால் சுற்றுவான். இன்னொருவன் சீவுகிற உளியை, அதாவது டூலை, நெருக்குவான். கையால் சுற்றுகிற வேகத்துக்கு இரும்பு எங்கே மசியும்? மரக்கட்டையைச் சீவினோம். நிறுத்த வேண்டுமென்றால் சக்கின் மேல் உள்ளங்கையால் ஒரு தட்டு. சின்ராஜ் அதில் கெட்டிக்காரன். பார்வையிட வந்த அதிகாரி பூரித்துப் போனார்.

"கரண்ட் இல்லேன்னு மூக்கால அழாம நடத்தறீங்க பாருங்க, இதுதான் அர்ப்பணிப்பு!"

முதல் வாரம்

படிப்பு முடிந்ததும் சின்ராஜுக்குச் சேலத்தில் லேத் பட்டறையிலேயே வேலை கிடைத்தது. முதல் வாரம், சுவிட்சை அணைத்திருக்கிறான். சக் இன்னும் வேகமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. இரண்டு வருஷம் பழகிய கை, தானாகப் போய் அதைத் தட்டி நிறுத்தப் பார்த்தது. வலது கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன.

ஆஸ்பத்திரியில் அவன் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. யாராவது என்னைத் திட்டினால் தேவலை என்றிருந்தது. அவன் அப்பா திட்டவில்லை. உட்காரச் சொல்லி இடம் விட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "எஸ்டேட்டுல காப்பி பறிக்கோணும்னாலும் அந்த வெரலு வேணுமுங்களே சார்."

அனுபவஸ்தன்

அடுத்த கோடையில் என்னையே பயிற்சியாளராகப் போட்டார்கள். அனுபவமுள்ளவனாம்! முதல் வகுப்பிலேயே சின்ராஜுக்கு நடந்ததைச் சொன்னேன். ஓடுகிற லேத்தில் வேலை பார்க்காமல் ஒருவரும் ஊர் திரும்பக் கூடாது என்றேன். முகாம் பொறுப்பாளர் என்னைத் தாழ்வாரத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

"நாட்டோட தொழில் வளர்ச்சிக்காக வாத்தியாருங்களத் தயார் பண்றோம், நீங்க பயமுறுத்தறீங்க. பேசாமப் படத்தைப் போட்டு முடிங்க சார்."

முடியாது என்றேன். அன்று சாயங்கால பஸ்ஸிலேயே மலையேற்றி விட்டார்கள்.

நாட்டின் தொழில் வளர்ச்சிக்கு எங்கள் மலையும் தன்னால் ஆனதைக் கொடுத்திருக்கிறது ஐயா: இரண்டு விரல்கள்.