பதினாலு பேரும் ஒரு குலுக்கலும்

இசை நிகழ்ச்சி ரிக்கற்றைக் குலுக்கலில் எடுத்து விலை கூட்டி விற்கிற தொழிலுக்கு முதலில் வேண்டியது காசு இல்லை, சொந்தக்காரர். என் மூத்தவன் குகன் கொழும்பில் இருந்து அதைச் செய்கிறான். எங்கள் ஊர் நாரந்தனையில் அவனுக்கு ஆள் சேர்ப்பது நான். பிள்ளை கேட்டால் மாட்டேன் என்று சொல்லத் தெரியாத தாய்மாருக்கு என் பாடு விளங்கும்.

வீடு வீடாக

பெரிய பாடகர் யாழ்ப்பாணம் வந்தால், முன்னமே பெயரும் விலாசமும் போன் நம்பரும் பதிய வேணும். குலுக்கலில் பெயர் விழுந்தவர்தான் ரிக்கற் வாங்கலாம். ஆளுக்கு ஒரு பதிவுதான். அதனால் குகன் என்னையும் சேர்த்துச் சொந்தத்தில் பதினாலு பேரைப் பதிவான். ஒவ்வொருவர் போனுக்கும் ஒரு இரகசிய இலக்கம் வரும். அதைப் போய்ப் பார்த்துச் சொல்வது என் வேலை. மாடு கட்டிக்கொண்டு நின்ற தங்கராசா அண்ணை போனை நீட்டிவிட்டுக் கேட்டார்: "தங்கச்சி, நான் இப்ப எந்தப் பாட்டுக்காரனுக்கு ஆசைப்பட்டிருக்கிறன்?"

ஒரே விலாசம்

முதல்தரம் எல்லாருக்கும் எங்கள் வீட்டு விலாசத்தையே கொடுத்துவிட்டேன். சொந்தக்காரருக்கு வருகிற கடிதமும் இங்கேதானே வருகிறது! பதினாலும் தள்ளுபடி. குகன் தலையில் கை வைத்தான்: "அம்மா, அவங்கள் எங்கட வீட்டை மடம் எண்டு நினைச்சிருப்பாங்கள்."

பிள்ளையாரிடம்

அடுத்த தரம் இன்னொரு பாடகர் வர இருந்தார்; விலாசங்களைப் பிரித்துக் கொடுத்தோம். பக்கத்து வீட்டுச் சாந்தி ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரியில் நேர்ஸ். அந்தப் பாடகர் என்றால் அவளுக்கு உயிர். தன் பெயரை மட்டும் பதிந்திருந்தாள். விழாவிட்டால், குகன் போன்றவர்கள் சொல்லும் விலைக்கு அவளால் வாங்க ஏலாது. பதினாலு பேருக்கும் விழ வேணும் என்று கும்பிடப் பிள்ளையார் கோயிலுக்குப் போனால் அவளும் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறாள். அவளுக்குப் பக்கத்தில் நின்று பதினாலு பெயர் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் பெயரை மட்டும் சொன்னேன். வெளியில் வரும்போது கேட்டாள்: "அன்ரி, இவ்வளவு நேரம் ஆருக்காகக் கும்பிட்டனீங்கள்?"

விழுந்தது

சாந்திக்கு விழவில்லை. பதினாலில் எனக்கு மட்டும் விழுந்தது, இரண்டு ரிக்கற். வாங்கிய பிறகுதான் குகன் விதியை வாசித்தான்: பெயருக்குரியவர் அடையாள அட்டையோடு நேரில் வர வேணும், கூட ஒருவரைக் கூட்டி வரலாம். "அந்த மற்றக் கதிரையையாவது விப்பம், வாங்கிறவர் உங்களோட வரட்டும்" என்றான். அது சாந்திக்கு என்றேன். வாழ்க்கையில் முதல்தரம் அவனுக்கு மாட்டேன் என்று சொன்னது. அவன் கேட்டான்: "அம்மா, நீங்கள் என்ர ஆளோ, சாந்தியின்ர ஆளோ?"

வாசலில்

அட்டையைப் பார்த்த பொடியன் என் திருநீற்றையும் பார்த்தான். "அம்மா, உங்களை இஞ்ச ஆர் கூட்டிக்கொண்டு வந்தது?" என்றான். சாந்தி என் கையைப் பிடித்தபடி சொன்னாள்: "தம்பி, அவதான் என்னைக் கூட்டிக்கொண்டு வந்தவ."

பாட்டு ஒன்றும் எனக்கு விளங்கவில்லை. ஆனால் பதினாலு பேரைப் பதிந்த குகனைவிட, ஒரேயொரு பெயரைச் சொல்லிக் கும்பிட்ட எனக்குத்தான் குலுக்கல் சரியாக விழுந்தது.