மூன்று சக்கரத்தில் வேலுவேக்கு

பாஸ்டியானின் பிறந்தநாள் பிப்ரவரியில் வரும். அன்று வரவேற்பறையில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டுவிடுவார்கள். வந்தவர்கள் எல்லாரும் எல்லாருக்கும் கை கொடுத்து வாழ்த்துச் சொல்லிவிட்டு, ஆளுக்கொரு துண்டு ஆப்பிள் கேக்கோடு உட்கார்ந்தால், பேச்சு தானாகவே ஆகஸ்ட் மாதக் கடைசிக்குப் போய்விடும். குடும்பம் மொத்தமும் வருஷா வருஷம் வாடகை வீடு எடுத்துத் தங்கும் வேலுவேயில், காட்டை ஒட்டிய புதர்வெளி முழுக்க ஊதா நிறத்தில் பூத்துக் கிடக்கும் வாரம் அது. எந்த வீடு, யார் யாருக்கு எந்த அறை, என்றைக்கு யார் சமைப்பது என்று மற்றவர்கள் அடித்துக்கொள்ளட்டும். எந்தப் பாதையில் சைக்கிள் விடுவது என்பது மட்டும் பாஸ்டியானின் ராஜ்ஜியம். யாராவது "இந்தத் தடவை தூரத்தைக் கொஞ்சம் குறைச்சுக்கலாமே" என்று இழுத்தால் போதும், "வீட்டுக்குள்ளயே உக்காரணும்னா இங்கயே உக்காரலாம், காசாவது மிஞ்சும்" என்று வாயை அடைத்துவிடுவார்.

லெக் ஆற்றின் கரைமேட்டுச் சாலையில் வேலை பார்த்த காலமெல்லாம் சைக்கிளில் போய்த் தபால் கொடுத்தவர் அவர். எதிர்காற்று, ஆலங்கட்டி மழை, டி கிராஃப் வீட்டு நாய், எதற்கும் அசைந்ததில்லை. ஓய்வு பெற்ற பிறகும் ரொட்டி வாங்கவோ முடி வெட்டவோ சைக்கிளில்லாமல் வாசல் தாண்டமாட்டார். போன இலையுதிர் காலத்தில் பக்கவாதம் வந்தது. பேச்சு தப்பித்தது, இடது கையும் இடது காலும் பாதிதான் தேறின. நடந்தார், ஆனால் தள்ளாடினார். சைக்கிளில் ஏறினால் இடது பக்கம் சாய்ந்து வேலிக்குள் போனார். இரண்டு தடவை போய்ப் பார்த்துவிட்டு, சைக்கிளைக் கொட்டகையில் போட்டுப் பூட்டினார்.

இந்தப் பிப்ரவரியில் வட்டம் வழக்கம்போல் கூடியது. மகள் லியான் கேக்கைக் கையில் வைத்துக்கொண்டே ஆரம்பித்தாள்.

"அம்மா, ஒரு வீடு பாத்து வச்சிருக்கேன். படியே கிடையாது. குளிக்கிற எடத்துல சுவரெல்லாம் கைப்பிடி. கட்டிலக்கூட ஏத்தி எறக்கிக்கலாம்."

"ஜன்னல் பெருசா?" என்று கேட்டார் கோரி, பாஸ்டியானின் மனைவி.

"பெரிய ஜன்னல்மா. அப்பாவ அந்தப் பக்கம் உக்கார வச்சுட்டோம்னா வெளிய எல்லாம் நல்லாத் தெரியும். மூணு சக்கர சைக்கிளும் இப்ப கெடைக்குது, அதையும் பாக்கலாம்."

பக்கத்து வீட்டு டிர்க் குறுக்கே வந்தார். "சக்கர நாற்காலி வேணும்னா என் தங்கச்சி வீட்டுல ஒன்னு சும்மாத்தான் கெடக்கு. நாங்க அதுல உருளைக்கிழங்கு மூட்ட தள்ளிட்டுப் போவோம். நல்ல வண்டி."

எல்லாரும் நல்ல எண்ணத்தோடுதான் பேசினார்கள். எங்கள் ஆட்களிடம் அதுதான் தொல்லை. நல்ல எண்ணம் வந்துவிட்டால் யாரையும் கேட்கத் தோன்றாது. வட்டத்தின் நடுவே, பிறந்தநாள்காரர் கேக்கை முள்கரண்டியால் துண்டு துண்டாக வெட்டிக்கொண்டிருந்தார். பிறகு தட்டைக் கீழே வைத்தார்.

"நான் வரல. பூனையப் பாத்துக்க ஆள் வேணும்."

"நம்மகிட்ட பூனையே கெடையாதே," என்றார் கோரி.

"வாங்கிக்கிறேன்."

யாரும் சிரிக்கவில்லை. லியானுக்குக் கண் கலங்கிவிட்டது. "திங்கக்கெழமைக்குள்ள வீட்டுக்காரங்களுக்குப் பதில் சொல்லணும்ப்பா. நீங்க இல்லாம எப்படி?"

"உங்கப்பா வரலன்னா நானும் வரல," என்றார் கோரி. "நானும் அப்பாவும் இல்லாத வேலுவே உங்களுக்கு எதுக்கு, எல்லாத்தையும் விட்டுடுங்க." இதைக் கோபத்தோடு சொல்லவில்லை. அதுதான் பாஸ்டியானுக்கு வலித்தது.

அப்படியும் கோரி சும்மா இருக்கவில்லை. புதன்கிழமை, நோயாளிகளுக்கான சாமான்களை இரவல் தரும் கடையிலிருந்து ஒரு மூன்று சக்கர சைக்கிளை வரவழைத்துவிட்டார். கொண்டுவந்த ஆள் வாசலில் நின்று கியரையும் பிரேக்கையும் பொறுமையாக விளக்கினான். கோரி தலையாட்டினார். பாஸ்டியான் உள்ளே செய்தித்தாளுக்குப் பின்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வண்டி நல்ல சிவப்பு. எங்கள் தெருவில் ஜன்னல்களுக்குத் திரை போடுகிற பழக்கம் கிடையாது. எதிர் வீட்டில் என்ன குழம்பு என்பதுகூட இங்கிருந்தே தெரியும். அந்த ஜன்னல்கள் ஒவ்வொன்றின் முன்னாலும் தபாலோடு நிமிர்ந்து போனவர், இப்போது சிவப்பு வண்டியில் குழந்தை மாதிரி போவதா? அவருக்கு அதை நினைத்தாலே உடம்பு கூசியது. வண்டி கொட்டகைக்குள் போனது.

சனிக்கிழமை சாப்பிடும்போது கோரி அவரைச் செல்லப் பெயர் சொல்லிக் கேட்டார். "ஒரே ஒரு தடவ ஏறிப் பாரேன், பாஸ். தெருமுனை வரைக்கும்."

"ஊரே பாக்கும்."

"பாத்தா என்ன? பாத்துட்டு சூப்பக் குடிக்கப் போயிடுவாங்க."

"உனக்கென்ன, நீ ரெண்டு சக்கரத்துல போவ."

கோரி கரண்டியை வைத்துவிட்டு எழுந்து போனார். கல்யாணமான நாளிலிருந்து அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்ததில்லை. பாஸ்டியான் இரண்டு தட்டுகளையும் ஒவ்வொன்றாகச் சமையலறைக்குக் கொண்டுபோய் வைத்தார்.

ஞாயிறு காலை, வயிறு சரியில்லை என்று அவர் படுத்துக்கொண்டார். கோரி கறுப்புக் கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு தனியாக ஆலயத்துக்குப் போனார். மணி ஓய்ந்தது. தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. ஊர் மொத்தமும் ஆலயத்துக்குள். எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோக்குக்குச் சைக்கிள் விடுகிறவன் இல்லை, விட்டால் அவன் வெளியூர்க்காரன். பிரசங்கம் முடிய இன்னும் நேரம் கிடக்கிறது. பாஸ்டியான் கொட்டகையைத் திறந்தார்.

வண்டி சாயவில்லை. நம்பாமல் ஒரு முறை வேண்டுமென்றே இடது பக்கம் எடையைப் போட்டார், அப்போதும் சாயவில்லை. கரைமேட்டில் ஏறியதும் காற்று முகத்தில் அறைந்தது. வாத்துகள் திட்டின. இடது கால் சும்மா பெடலோடு சுற்றிவர, வலது கால் பழைய வேலையைச் செய்தது. டி கிராஃப் வீடு, பழைய படகுத்துறை, அதற்கும் அப்பால். வேலுவேயின் மணல் பாதையில் இது எப்படிப் போகும், பைன் மரங்களுக்கு நடுவே வண்டியின் அகலம் இடிக்குமா என்று கணக்குப் போடத் தொடங்கிவிட்டார். சந்தோஷம் தாங்காமல் வேதாகமத்துச் சங்கீதப் பாட்டு ஒன்றைச் சத்தமாகப் பாடினார், ஆலயத்தில் பாடாத குறை தீர.

திரும்பி வருகிற வழியில், கரையிலிருந்து ஊருக்குள் இறங்கும் சரிவு ஆலய வாசலில் போய் முடியும். அன்று பிரசங்கம் செய்ய வந்த வெளியூர்ப் போதகருக்குத் தொண்டை கட்டிக்கொண்டு, ஆராதனை பாதியிலேயே முடிந்துவிட்டது பாஸ்டியானுக்கு எப்படித் தெரியும்? அவர் சரிவில் இறங்கவும் கதவு திறக்கவும் சரியாக இருந்தது. சாலை முழுக்கக் கறுப்புக் கோட்டுகள்.

பாஸ்டியான் பெடலைப் பின்னால் மிதித்தார்.

பிறந்ததிலிருந்து அவர் ஓட்டிய சைக்கிள் எல்லாம் பின்னால் மிதித்தால் நிற்கும். தபால் வண்டியும் அப்படித்தான். இந்தச் சிவப்பு வண்டிக்குப் பிரேக் கையில். பெடல் பின்னால் காற்றாகச் சுற்றியது. மறுபடி மிதித்தார், மறுபடி சுற்றியது. இடது கை பிரேக்கைப் பிடிக்க முடியாமல் துவண்டது. வலது கைக்கு அப்படி ஒரு வேலை இருப்பதே ஞாபகம் வரவில்லை. மருத்துவமனையில்கூட யாரையும் தாங்க விடாத மனிதர், ஊர் முழுக்கக் கேட்கக் கத்தினார்:

"பிடிங்க! என்னப் பிடிங்க!"

பிடித்தார்கள். டிர்க் ஹேண்டில்பாரைப் பிடித்தார். ஆலயத்து மூப்பர் பின்கூடையைப் பிடித்து, அதோடு நான்கு எட்டு ஓடி, தொப்பியை இழந்தார். யாருடைய பையிலிருந்தோ பெப்பர்மிண்ட் மிட்டாய்கள் சாலையெங்கும் உருண்டன. வண்டி கோரியின் கோட்டு நுனியைத் தொட்டு நின்றது. வயிற்றுவலிக்காரருக்காக ஜெபிக்கச் சொல்லிவிட்டு வந்தவர் கோரி, குட்டு வெட்டவெளிச்சமாகிவிட்டது.

மிட்டாய்களைப் பொறுக்கப் பிள்ளைகள் ஓடினார்கள்.

"என்னப்பா, ஞாயித்துக்கெழமையுமா தபால்?" என்றார் டிர்க், மூச்சு வாங்கிக்கொண்டே.

மூப்பர் தொப்பியைத் தட்டிப் போட்டுக்கொண்டார். "ஓய்வுநாள், பாஸ்டியான்."

"நிறுத்தத்தான் பாத்தேன் ஐயா. அது நிக்கல."

முதலில் பெண்கள் பக்கம் யாரோ களுக்கென்றார்கள். அப்புறம் மூப்பரே தாங்கமுடியாமல் சிரித்துவிட்டார். பாஸ்டியானும் சிரித்தார்.

வீட்டுக்கு அவர் மெல்ல மிதிக்க, கோரி பக்கத்தில் நடந்தார்.

"வயித்துவலின்னு சொன்னியே," என்றார் கோரி.

"அந்த வட்டத்துல எல்லாருமா சேந்து என்ன எங்க வைக்கலாம்னு பேசினீங்க. எங்க போலாம்னு ஒருத்தரும் கேக்கல. அதுலதான் வலி."

கோரி ஹேண்டில்பாரில் ஒரு கையை வைத்தபடி நடந்தார். "ஆமா, கேக்கல. தப்புதான், பாஸ். பயத்துல கேக்கல."

"லியானுக்குப் போன் போடு. அந்தக் கைப்பிடி வீடு வேணாம், போன வருஷத்து வீடே சொல்லு. இந்த வண்டிக்குக் கால் பிரேக் மாட்டித் தருவானான்னு கடையில கேளு. பாதைய நான் சொல்றேன்."

"அந்த வீட்டுக்கு வாசல்ல அத்தன படி இருக்கே. எப்படி ஏறுவ?"

பாஸ்டியான் இந்த முறை வலது கையால் பிரேக் பிடித்து, வண்டியை ஒழுங்காக நிறுத்தினார்.

"பிடிங்கன்னு கத்துவேன்," என்றார். "நீங்க பிடிப்பீங்க."

தெருவில் அத்தனை ஜன்னல்களும் பார்த்துக்கொண்டிருந்தன. கோரி குனிந்து அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார்.