ஊர் பேர் தெரியாத ஒன்பது மட்டைகள்

என்னிடம் இருக்கிற கொல்ஃப் மட்டைகளின் பெயரைச் சொன்னால் உங்களுக்குத் தெரியாது. உங்களுக்கு மட்டுமல்ல, கொழும்பில் கொல்ஃப் சாமான் விற்கிற கடைக்காரருக்கும் தெரியாது. நாலாம் நம்பரிலிருந்து ஒன்பதாம் நம்பர் வரை தூரத்துக்கு அடிக்கிற ஆறு ‘அயன்’ மட்டை, கிட்டத்தில் நின்று தூக்கி அடிக்க மூன்று வெட்ஜ், ஆக மொத்தம் ஒன்பது. ஒவ்வொன்றின் முதுகிலும் ஏதோ ஒன்று பொறித்திருக்கிறது. அது பறவையா இலையா என்பது இன்றுவரை முடிவாகவில்லை. இந்த ஒன்பதாலும் என்னுடைய ஒரேயொரு நல்ல சிநேகிதரை இழக்கப் பார்த்தேன். மட்டைகள் மேல் பிழை இல்லை. பிழை முழுக்க என்னுடையது.

சிநேகிதர் கொட்டாஞ்சேனைக்காரர். ஒருகொடவத்தையில் யார்ட் போட்டு, கண்டெய்னர் இழுக்கிற லொறிகள் மூன்று வைத்திருக்கிறார். பிறந்தது மலையகத் தோட்டமொன்றில். அங்கே அவருடைய அப்பா துரைமாருக்குக் கொல்ஃப் பை சுமந்தவர். இருபது வருடம் சுமந்தும் ஒரு பந்தைக்கூட அடித்ததில்லையாம். இதை அவர் என்னிடம் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். என்னால் சிரிக்க முடியவில்லை.

நான் கொல்ஃபுக்கு வந்தது சீனி வருத்தத்தால். இன்சூரன்ஸ் கம்பெனியில் மெனேஜராக இருந்து ஓய்வு பெற்றவனை டொக்டர் நடக்கச் சொன்னார். சும்மா நடக்க அலுப்பாக இருந்தது. பந்தடித்துப் பழகும் இடத்தில் பக்கத்தில் நின்ற இவர், என் அடியைப் பார்த்துவிட்டு, “கோவத்துல அடிக்காதீங்கண்ணே, பந்து ஒண்ணும் செய்யலையே” என்றார். அன்றிலிருந்து நாங்கள் கூட்டாளிகள். கிளப்பில் அவர் சேர்ந்தபோது விண்ணப்பத்தில் கையெழுத்து வைத்ததும் நான்தான்.

என் அறுபதாவது பிறந்தநாளுக்கு நீளமான காட்போட் பெட்டியொன்றைச் சுமந்துகொண்டு வெள்ளவத்தைக்கு வந்தார். எங்கள் ஃப்ளட் நாலாம் மாடி. லிஃப்ட் வேலை செய்யவில்லை. வியர்த்து விறுவிறுத்து வந்து நின்றவர் தண்ணீர்கூடக் கேட்காமல் பெட்டியைப் பிரித்தார். அதுவரை நாங்கள் இரண்டு பேரும் வாடகை மட்டைகளால்தான் விளையாடி வந்தோம்.

“எனக்கும் இதே செட்டுதாண்ணே. ரெண்டு பேருக்கும் ஒண்ணுபோல இருக்கட்டும்.”

ஊர் பேர் தெரியாத சாமானோடு பழகுவதற்குப் பொறுமை வேண்டும். முதல் மாதம் நான் அடித்த பந்தெல்லாம் குழி இருக்கிற கிரீனைத் தாண்டிப் போய் விழுந்தது. மட்டையின் நம்பர் குறையக் குறையப் பந்து கூடத் தூரம் போகும் என்பது கணக்கு. மற்றவர்களின் ஆறாம் நம்பர் போகிற தூரத்துக்கு எங்களுடைய ஏழாம் நம்பர் போகும். பை தூக்க வருகிற முகத்துவாரத்து மனிதர்தான் அதை முதலில் கண்டுபிடித்தார். இந்த மட்டையில் எழுதியிருக்கிற நம்பரை நம்ப வேண்டாம் மஹத்தயா என்று சிங்களத்தில் புத்தி சொன்னார். கடற்காற்றுக்கு வெட்ஜ் மூன்றும் துருப்பிடித்தன. தண்டின் அடியில் இருக்கிற கறுப்பு வளையம் கழன்று மேலே ஏறிவிடும். சிநேகிதர் லொறிக்குப் பாவிக்கிற பசையைக் கொண்டுவந்து ஒட்டித் தருவார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் பிழையாக அடித்த பந்துகளுக்கெல்லாம் வளையத்தைத்தான் திட்டினேன். ஒருமுறை எங்கள் இரண்டு பேருடைய மட்டைகளும் பை மாறிப் போய்விட்டன. இரண்டு கிழமையாக அவருடையதை நானும் என்னுடையதை அவரும் வைத்து விளையாடியிருக்கிறோம், ஒருவருக்கும் தெரியவில்லை. அது தெரிந்த அன்று புல்லில் உட்கார்ந்து சிரித்தோம். அந்த மட்டைகளை எனக்கு உண்மையாகவே பிடித்திருந்தது.

ஆனால் பிடித்திருந்தது என்று நாலு பேர் முன்னால் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. கிளப்பில் என் பழைய மேலதிகாரி ஒருவர் இருக்கிறார். ஒருநாள் என் பையிலிருந்து ஒரு மட்டையை உருவிப் பார்த்துவிட்டு, ஃப்ரிட்ஜ் வாங்கியபோது இலவசமாகத் தந்தார்களா என்று இங்கிலிஷில் கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். எல்லாரிலும் பலமாகச் சிரித்தது நான்தான். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். நான் மற்றவர்களும் பார்க்கட்டும் என்று வாயைத் திறந்து காட்டிக்கொண்டு நின்றேன். அன்றைக்குப் பிறகு மட்டைகளைப் பல்கனி மூலையில் நிலம் துடைக்கிற மொப்போடு சாத்தி வைக்கத் தொடங்கினேன்.

போன வருடம் சரஸ்வதி பூசைக்கு இரண்டு நாள் முன்னால் மேலதிகாரி அழைத்தார். பூசையன்று வெளிநாட்டு விருந்தாளிகள் இரண்டு பேர் விளையாட வருகிறார்களாம், நாலாவது ஆளாக நான் வரவேண்டுமாம். உன்னுடைய செட் வேண்டாம், என் காரில் நல்லதொன்று இருக்கிறது என்றார். சரி சேர் என்றேன். ஓய்வு பெற்று இத்தனை வருடமாகியும் அந்தச் ‘சரி சேர்’ வாயை விட்டுப் போகவில்லை.

அன்று பின்னேரமே சிநேகிதர் போன் எடுத்தார். விஷயம் எப்படியோ அவர் காதுக்கு எட்டியிருந்தது.

“பெரிய ஆளுங்களோட ஆடப் போறீங்களாமே. நம்ம செட்டு நல்லா போகுமாண்ணே? வளையம் ஏதும் கழண்டிருந்தா கொண்டாங்க, ஒட்டித் தர்றேன்.”

 அப்போதுதான் என் வாயிலிருந்து அந்தப் பொய் வந்து விழுந்தது.

“அந்த செட் கொண்டுபோகேலாது. பூசையில வைக்கிறன். விஜயதசமிக்குத்தானே திருப்பி எடுக்கலாம். அதால அவரிட்ட ஒண்டு இரவல் வாங்கிறன்.”

ஆயுதத்தைப் பூசையில் வைத்தால் மறுநாள் வரை தொடக்கூடாது என்பது அவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. யார்டில் லொறிகளுக்கு வாழைக்கன்று கட்டி, லொறி தூக்குகிற ஜக்குக்கும் ஸ்பானருக்கும் சந்தனம் பூசி, பக்கத்தில் தன் ஒன்பது மட்டைகளையும் வரிசையாக வைத்துக் கும்பிடுகிறவர். கோயில் வாசலில்கூடச் செருப்பைக் கவலையோடு பார்த்துக்கொண்டு நிற்கிற என்னைப் பற்றி அவருக்கு நன்றாகத் தெரியும். 

“நீங்களும் சாமிகிட்ட வைக்கிறீங்களாண்ணே?” என்றார். “எங்கப்பா இருந்து கேட்டிருக்கணும்.”

பூசையன்று மேலதிகாரி தந்த பேர் போன மட்டைகள் என்னைப் பழிவாங்கிவிட்டன. கைப்பழக்கத்தில் என்னுடைய ஏழாம் நம்பர் போகிற தூரத்தைக் கணக்குப் பண்ணி அடித்தேன். இந்த ஏழாம் நம்பர் அவ்வளவு தூரம் போகவில்லை. பந்து குளத்தில் விழுந்தது. அப்படி நாலு பந்து. விருந்தாளிகள் மரியாதைக்காரர்கள், பேசாமல் நின்றார்கள். மேலதிகாரியின் முகத்தை நான் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து மணியடித்ததும் மனைவி கதவைத் திறந்தாள். தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்கவில்லை.

“இஞ்ச வந்து பாருங்கோ.”

சாமியறையில் சரஸ்வதி படத்துக்கு முன்னால், புத்தகங்களுக்குப் பக்கத்தில், வெள்ளைத் துணி விரித்து என் ஒன்பது மட்டைகளும் படுத்திருந்தன. ஒவ்வொன்றின் தலையிலும் சந்தனப் பொட்டு, அதன்மேல் குங்குமம், ஒரு செவ்வந்திப் பூ. வெட்ஜ்களில் துருவைக் காணவில்லை.

“தம்பி அவலும் கடலையும் கொண்டு வந்தவர்,” என்றாள். “வந்த உடன, அண்ணன்ர செட்டை எங்க வச்சிருக்கிறீங்கள், கும்பிட்டிட்டுப் போறன் எண்டு கேட்டார். நான் என்னத்தைக் கண்டன்? அது பல்கனியில மொப்போட நிக்குது எண்டு சொல்லிப்போட்டன். எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் நானும் சேர்ந்து பொய் சொல்லியிருப்பனே.”

“அவர் என்ன சொன்னவர்?”

“ஒண்டும் சொல்லேல்ல. பழந்துணியும் தேசிக்காயும் கேட்டார். நிலத்தில இருந்து ஒரு மணித்தியாலம் துருவைத் தேய்ச்சவர். பிறகு தானே பொட்டு வச்சு அடுக்கினார். போகேக்க மட்டும், அண்ணன் பூசையில வைக்கிறன் எண்டு சொல்லிப்போட்டார் அக்கா, இண்டைக்கு நாளில அது பொய்யாகக்கூடாது எண்டு சொல்லிப்போட்டுப் போனார்.”

நான் போன் எடுத்தேன். அவர் எடுக்கவில்லை. மூன்று முறை முயன்றேன். அவர் என் அழைப்பை எடுக்காமல் விட்டது அதுதான் முதல் தடவை. இனி அவர் என்னோடு விளையாட வரமாட்டார் என்று பயந்தேன். கூச்சப்படாமல் சொல்கிறேன், வேலை போய்விடும் என்று பயந்த காலத்தில்கூட எனக்கு அப்படி இருந்ததில்லை.

விஜயதசமியன்று காலையில் கற்பூரம் காட்டி மட்டைகளை எடுத்தேன். பொட்டைத் துடைக்காமல் பையில் போட்டு, ஒருகொடவத்தைக்கு ஓட்டோவில் போய் இறங்கினேன். லொறிகளில் கட்டிய வாழைக்கன்றுகள் வாடித் தொங்கின. அவர் கந்தோர் அறை வாசலில் நின்றார்.

“வாங்க சேர்,” என்றார். “டீ சொல்லவா?”

பத்து வருடப் பழக்கத்தில் அவர் என்னைச் சேர் என்று கூப்பிட்டதே இல்லை. அவர் ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

“நான் பொய் சொன்னனான்,” என்றேன். “வெக்கத்தில சொன்னனான். அவங்கள் உந்த மட்டையைப் பார்த்துச் சிரிச்சவங்கள். நானும் சேர்ந்து சிரிச்சனான். மன்னிச்சுக்கொள்ளும்.”

அவர் என் பைக்குள் எட்டிப் பார்த்தார். பொட்டு அழியாமல் இருப்பதைக் கண்டதும் ஏழாம் நம்பரை உருவி என் கையில் தந்தார். பூசையிலிருந்து எடுத்ததை அன்றைக்கு ஒருமுறையாவது பாவிக்க வேண்டும் என்பது வழக்கம். யார்டின் மறுகோடியில் வெறும் கண்டெய்னர் ஒன்று கதவு திறந்தபடி நின்றது. கந்தோர் மேசையிலிருந்து ஒரு பந்தைக் கொண்டுவந்து என் காலடியில் வைத்தார். கண் கலங்கிப் பந்து இரண்டாகத் தெரிந்தது. அடித்தேன். அது கண்டெய்னருக்குள் போய் முழங்கியது. டயர் மாற்றிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

“அவங்க சிரிப்பாங்கன்னு எனக்குத் தெரியும்,” என்றார் அவர். “உங்க பிறந்தநாளுக்குப் பேர் போன செட்டு ஒண்ணு எடுக்கத்தான் அன்னைக்குக் கடைக்குப் போனேன். எடுத்துக் கையில கூட வச்சிட்டேன். அந்தச் சல்லிக்கு அதுல ஒரு செட்டுதான் வரும், இதுல ரெண்டு வரும்னான் கடைக்காரன். எங்கப்பா ஒத்தையா நடந்து பாத்திருக்கேண்ணே, எல்லாருக்கும் பின்னால, பையோட. ஒரு செட்டை வச்சு நான் யார்கூட ஆடறது?”

 சந்தனம் ஒட்டிய அந்த ஏழாம் நம்பரை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றேன். அவர் கண்டெய்னர் பக்கம் பந்தைப் பொறுக்கப் போனார், நானும் பின்னாலேயே போனேன்.