இன்னும் முந்நூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டர்

லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனியில் அவளுக்குப் 'பென்டிரைவ்' என்று பெயர். பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருக்கிறது. சாவிக்கொத்தில் வீட்டுச் சாவி ஒன்று, வண்டிச் சாவி ஒன்று, பென்டிரைவ் நான்கு என்று தொங்கினால் வேறு என்ன பெயர் கிடைக்கும்? நான்கிலும், விண்டோஸுக்குப் பதிலாகக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற லினக்ஸ், நான்கு விதமாக. எந்தக் கம்ப்யூட்டர் எந்த நேரத்தில் கையில் சிக்கும் என்று சொல்ல முடியாது, நாம் தயாராக இருக்க வேண்டும் என்பது அவள் கட்சி.

ஆள் கெட்டிக்காரி, அதில் சந்தேகமில்லை. பதினாலாவது மாடியில் நின்றுபோன லிஃப்டின் கதவில் காதை வைத்தே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவாள். நன்றாக ஓடுகிற லிஃப்டில் கை வைக்கக் கூடாது என்பது அந்தத் தொழிலின் முதல் பாடம். அந்தப் பாடத்தை மட்டும் சாயங்காலம் கருவிப்பெட்டியோடு சேர்த்துப் பூட்டிவிட்டு வருவாள் போலிருக்கிறது. ஏனென்றால் வீட்டில் நன்றாக ஓடுகிற கம்ப்யூட்டரைப் பார்த்தால் அவளுக்குக் கை சும்மா இருக்காது.

கூடத்து மூலையில் இருந்த அந்தக் கம்ப்யூட்டரில் எந்த லினக்ஸும் நாற்பது நாளைத் தாண்டியதில்லை. ஒன்றில் திரை கண்ணுக்கு அழகாக இருக்கும், ஆனால் பிரிண்டர் முறைத்துக்கொள்ளும். இன்னொன்றில் பிரிண்டர் சொன்ன பேச்சைக் கேட்கும், ஆனால் எழுத்துரு அவளுக்குப் பிடிக்காது. மூன்றாவதில் எல்லாமே சரியாக இருக்கும். அதுதான் அவளுக்கு ரொம்பக் கஷ்டம். அவள் கணவன் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஷிஃப்ட் முடிந்து வந்ததும் திரையைப் பார்த்து, "இன்னிக்கு எந்தக் கட்சி ஆட்சி?" என்று கேட்டுவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவான்.

கேம் விஷயத்திலும் இதே கதைதான். லினக்ஸில் ஓடவே ஓடாது என்று ஊரே கைவிட்ட கேம் எதையாவது பிடித்துக்கொண்டு இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொள்வாள். கடைசியில் அது திறந்து, முதல் இசை கேட்டதும் முகமெல்லாம் பல்லாக எழுந்து நிற்பாள். அப்புறம் மூடிவிடுவாள். "விளையாடலையா?" என்று கணவன் கேட்டால், "ஓடுதில்ல, அது போதும்" என்பாள். இதற்கு வைத்தியம் தன் ஆஸ்பத்திரியில் இல்லை என்று அவன் எப்போதோ முடிவு கட்டிவிட்டான்.

அந்த வீட்டில் நிஜமாகவே கேம் விளையாடியவர் ஒருவர்தான். அவளுடைய மாமனார்.

முப்பத்தொரு வருஷம் டவுன் பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்ற முதல் மூன்று மாதத்தில் வீட்டை ஒரு வழி பண்ணிவிட்டார். ஜன்னலில் நின்றுகொண்டு, "கிளட்ச்சை மிதிச்சுக்கிட்டே போறான் பாரு, இவனுக்கெல்லாம் யாரு லைசென்ஸ் குடுத்தது?" என்று போகிற வருகிற பஸ்ஸையெல்லாம் திட்டுவார். மருமகள் வண்டியில் பின்னால் உட்கார்ந்தால் முதுகில் தட்டித் தட்டி பிரேக் போடச் சொல்வார். அவருக்கு வேலை கொடுக்காவிட்டால் நமக்குப் பைத்தியம் பிடித்துவிடும் என்று அவள்தான் ஒரு பஸ் ஓட்டும் கேமைத் தேடிப் பிடித்தாள். யாரோ பழசாக விற்ற ஸ்டியரிங்கையும் மிதிகட்டையையும் வாங்கி வந்தாள். லினக்ஸ் அந்த ஸ்டியரிங்கை மூன்று வாரம் யார் என்றே தெரியாததுபோல் பார்த்தது. நாலாவது வாரம் வழிக்கு வந்தது.

அதற்கப்புறம் அவர் ஜன்னல் பக்கமே போகவில்லை. காலை ஒன்பது மணிக்கு முழுக்கைச் சட்டை, ஷூ சகிதம் கூடத்துக்கு வருவார். திரையில் இருக்கும் பஸ்ஸின் கண்ணாடிகளை இப்படி அப்படித் திருப்பித் தன் கண்ணுக்குச் சரிபார்ப்பார். ஒன்பதுக்கு வண்டி கிளம்பும், ஒரு மணிக்கு டிப்போவுக்குத் திரும்பும். ஈ காக்கை இல்லாத சாலையிலும் சிவப்பு விளக்குக்கு நிற்பார். ஞாயிற்றுக்கிழமை வாராந்திர விடுமுறை, அன்றைக்கு ஸ்டியரிங்கைத் தொடவே மாட்டார்.

ஒரு கீறல்கூட விழாமல் லட்சம் கிலோமீட்டர் ஓட்டினால் அந்த கேம் தங்க ஸ்டியரிங் ஒன்று தரும். வெறும் படம்தான். ஆனால் அவர் அதற்காக இரண்டு வருஷமாக ஓட்டிக்கொண்டிருந்தார். சாப்பிட உட்காரும்போது அன்றைய கணக்கைச் சொல்லாமல் இருக்க மாட்டார். தொண்ணூற்றொன்பதாயிரத்து அறுநூற்று எண்பத்தெட்டு ஆகியிருந்தது. இன்னும் முந்நூற்றுப் பன்னிரண்டு. அவருக்கு அது இரண்டு நாள் வேலை.

ஆனால் கடைசி இரண்டு வாரமாகவே கணக்கு நத்தையாகத்தான் நகர்ந்திருந்தது. நாளைக்கு நூற்று அறுபது ஓட்டியவர் இருபதோடு நிறுத்திக்கொண்டார். என்ன மாமா ஆச்சு என்று அவள் கேட்டாள்.

"வண்டி இழுக்க மாட்டேங்குதும்மா" என்றார் அவர்.

போதுமே. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவள் முப்பத்தெட்டு நாளாகக் கையைக் கட்டிக்கொண்டு இருந்தாள். புதிதாக ஒரு லினக்ஸ் வந்திருந்தது, கேமெல்லாம் அதில் பறக்கிறது என்று அவளுடைய லினக்ஸ் குழுவில் ஆளாளுக்குப் புகழ்ந்துகொண்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை மாமனார் தன் தங்கை வீட்டுக்குப் போனதும் அவள் சாவிக்கொத்தைக் கையில் எடுத்தாள்.

பொறுப்பில்லாதவள் என்று சொல்ல முடியாது. முதலில் வீட்டுக் கோப்புகள் எல்லாவற்றையும் வெளி டிஸ்க்கில் நகலெடுத்தாள். நகலெடுக்கும் கட்டளையில் 'எல்லாம்' என்பதற்கு ஒரு நட்சத்திரக் குறி போட்டாள். டிஸ்க்கைத் திறந்து கல்யாணப் போட்டோ இருக்கிறதா, கணவனின் சான்றிதழ்கள் இருக்கின்றனவா என்று பார்த்தாள். வழக்கமாகக் கோப்புகள் இருக்கும் பகுதியைத் தொடாமல் விடுகிறவள், இந்தத் தடவை டிஸ்க் முழுவதையும் சுத்தமாக அழித்துவிட்டுப் புதியதை ஏற்றினாள். சாயங்காலம் நாலு மணிக்கு ஸ்டியரிங்கும் முதல் தடவையிலேயே வேலை செய்தது. சீட்டி அடித்துக்கொண்டே கேமைத் திறந்தாள்.

'புதிய ஓட்டுநரே, வருக! உங்கள் பெயர் என்ன?' என்று கேட்டது திரை.

சீட்டியை நிறுத்திவிட்டு, வெளி டிஸ்க்கைத் திறந்து கேமின் கணக்கைத் தேடினாள், இல்லை. லினக்ஸில் பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி வைத்த கோப்புறை கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருக்கும். அவள் போட்ட நட்சத்திரக் குறி கண்ணுக்குத் தெரிகிறவற்றை மட்டும்தான் அள்ளிக்கொண்டு வரும். கேமின் கணக்கோ ஒளிந்திருந்த கோப்புறையில் இருந்தது. இது அவளுக்குத் தெரியாத விஷயமா? குழுவில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு இதை அவளே குறைந்தது பத்து தடவை விளக்கியிருக்கிறாள், கொஞ்சம் எகத்தாளமாகவே. இப்போது போய்க் கேட்டால் அத்தனை பேரும் சேர்ந்து வட்டியும் முதலுமாகத் திருப்பித் தருவார்கள். அழிந்ததை மீட்கும் மென்பொருள் மூன்றை ஓட்டிப் பார்த்தாள். டிஸ்க் துடைத்து வைத்த பலகையாக இருந்தது.

கணவன் வந்தபோது அவள் பேயறைந்தவள்போல உட்கார்ந்திருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் அவன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அப்பாவோட ரெண்டு வருஷமா?"

"ஆமா."

"நீயே சொல்லிடறியா, இல்ல நான் நைட் ஷிஃப்டுக்கு ஓடிடட்டுமா?"

அப்போதுதான் அவளுக்கு அந்தக் கெட்ட யோசனை வந்தது. கேமின் கணக்கு வெறும் எழுத்துக் கோப்புதானே. அவர் பெயரில் புதுக் கணக்கு ஒன்று தொடங்கி, கோப்பைத் திறந்து, சைபர் இருந்த இடத்தில் 99688 என்று அடித்தாள். மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை. திரையில் பழையபடி எண் வந்து நின்றது. இரண்டு வருஷத்தை மூன்று நிமிஷத்தில் செய்துவிட்டோமே என்று அவளுக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வெட்கமாக இருந்தது. அன்றைக்கு மாமனார் வந்து, "என்னம்மா, முகம் ஒரு மாதிரி இருக்கு?" என்று கேட்டபோது, தலைவலி என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை ஒரு மணி நேரம் தாமதமாக வருவதாக வேலைக்குச் சொல்லிவிட்டு அவள் கூடத்திலேயே துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்த துணியையே மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள் என்பதுதான் உண்மை. ஒன்பது மணிக்கு அவர் வந்தார், உட்கார்ந்தார், ஷூவை மிதிகட்டையில் வைத்தார். எண்ணைப் பார்த்தார். அப்புறம் வலப்பக்கக் கண்ணாடியைப் பார்த்தார், இடப்பக்கக் கண்ணாடியைப் பார்த்தார். கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்துவிட்டார்.

"இது என் வண்டி இல்ல."

"அதே வண்டிதான் மாமா. புது சாஃப்ட்வேர், அதான் கொஞ்சம் வேற மாதிரி..."

"கண்ணாடி ரெண்டும் வானத்தைப் பார்க்குது. சீட்டு முன்னாடி இருக்கு. முப்பத்தொரு வருஷம் வண்டி ஓட்டினவன்கிட்டயே காது குத்தறியா?"

அவள் கையிலிருந்த சட்டையைக் கீழே வைத்தாள். நட்சத்திரக் குறியிலிருந்து மூன்று நிமிஷத் திருட்டு வரை ஒன்று விடாமல் சொன்னாள். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

"போனது போச்சு, அது தப்பு. தப்பு எல்லார்கிட்டயும் வரும்" என்றார் அவர். குரல் உயரவில்லை, ஆனால் முகம் சிவந்திருந்தது. "ஓட்டாத கிலோமீட்டரை ஓட்டினதா எழுதி என் பேர்ல வச்ச பாரு, அதுதான்மா எனக்குத் தாங்கல." எழுந்து, ஷூவோடு வாசல் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார்.

ஒரு மணி நேரம் ஆளைக் காணோம். அவள் வேலைக்கும் போகவில்லை. பால்கனிக்கும் வாசலுக்குமாக நடந்தாள். அந்தப் பொய்க் கணக்கை அழித்தாள். திரையில் மறுபடியும் 'புதிய ஓட்டுநரே' வந்து நின்றது. பென்டிரைவ் நான்கையும் சாவிக்கொத்திலிருந்து கழற்றி மேஜையில் வைத்தாள். இனிமேல் கம்ப்யூட்டரைத் தொட்டால் என்னைச் செருப்பால் அடியுங்கள் என்று சொல்லலாமா என்றுகூட யோசித்தாள்.

அவர் திரும்பி வந்தபோது முகத்தில் கோபம் இல்லை. அசடு வழிந்தது. அதுதான் அவளுக்குப் புரியவில்லை. வந்தவர் நேராக ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் அதைத் தடவிக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, நீ எதுக்கு இதை மாத்தினே?"

"நீங்கதானே மாமா சொன்னீங்க, வண்டி இழுக்கலேன்னு."

"அதான்." அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "வண்டி நல்லாத்தான் இழுத்துது."

அவள் திருதிருவென்று விழித்தாள்.

"முந்நூத்திப் பன்னெண்டுதான் பாக்கி. அதையும் ஓட்டிட்டா அப்புறம் நான் என்ன பண்ணுவேன்? ஒரு தடவை ரிட்டையர் ஆனதே போதும்மா. டிப்போல மாலை போட்டு அனுப்பிச்சாங்க, மறுநாள் காலைல எழுந்து எங்க போறதுன்னு தெரியல. மறுபடி அதே மாதிரி ஆயிடும்னு பயந்துட்டுத்தான் மெதுவா ஓட்டினேன். வெளியில சொல்ல வெட்கமா இருந்துது, வண்டி மேல பழியைப் போட்டுட்டேன். நீ அதை நம்பி ரிப்பேர் பண்ணிட்டே."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. இரண்டு வாரமாக அந்த மனுஷன் ஒன்பது மணிக்குச் சட்டை மாட்டிக்கொண்டு வந்து, முடிந்துவிடுமே என்ற பயத்தோடு இருபது இருபதாக ஓட்டியிருக்கிறார். கம்ப்யூட்டரின் சூடு, வேகம் எல்லாவற்றையும் அளந்து பார்த்தவளுக்கு அவர் முகத்தைப் பார்க்கத் தோன்றவில்லை. அதை நினைத்ததும் அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது.

"நாற்பது நாளைக்கு ஒரு தடவை மாத்தற வேலையெல்லாம் இனிமே கிடையாது மாமா. இது இப்படியே இருக்கும். சத்தியமா."

"ரெண்டு வருஷம்?"

"ரெண்டு வருஷம்."

அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒரு விரலால் எழுத்து எழுத்தாகத் தேடித் தன் பெயரை அடித்தார். திரையில் பஸ் வந்து நின்றது. சீட்டைப் பின்னால் தள்ளினார். இடப்பக்கக் கண்ணாடி, வலப்பக்கக் கண்ணாடி இரண்டையும் நிதானமாகத் திருப்பினார். கீழே மூலையில் சைபர் கிலோமீட்டர் என்று இருந்தது.

"இன்னிக்கு எவ்வளவு மாமா ஓட்டப் போறீங்க?"

"நூத்தி அறுபது" என்றார் அவர், கியரைப் போட்டபடியே. "ஒன்றரை மணி நேரம் லேட். நீ வேலைக்குக் கிளம்பு, டிரைவர்கிட்ட பேச்சுக் குடுக்கக் கூடாது."