பலகைக்கு மருந்து வைப்பவர்

மைட்டோகாண்ட்ரியா பாடம் படித்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்குச் சந்தேகம் தட்டியது. பலகைக்குப் போடும் சில பூச்சிமருந்துகள் உட்பட சில ரசாயனங்கள் அதன் உள்சவ்வில் புரோட்டான்களைக் குறுக்குவழியாகக் கசியவிடுமாம். செல் வேகவேகமாக ஆக்சிஜனைச் செலவழிக்கும். ஆனால் சக்தி சேராது, சாப்பிட்டதெல்லாம் வெறும் சூடாகிப்போகும். உடனே சுங்கை சிப்புட் பஸ்ஸில் தினமும் வரும் அந்த அண்ணன் நினைவுக்கு வந்தார்.

ரப்பர் மரப் பலகைகளைப் பூச்சி அரிக்காமலிருக்கத் தொட்டியில் முக்கியெடுப்பவர். மழையிலும் வேர்த்துக்கொட்டும். இரண்டு பொட்டலம் நாசி லெமாக் சோறு தின்றும் கன்னம் ஒட்டிக்கொண்டே போனது.

மறுநாள் பஸ்ஸில் கேட்டேன்: “தொட்டியில என்னாண்ணே கலக்குறாங்க?”

“மருந்துதான்லா தம்பி. மருந்து ஆளைக் கொல்லுமா? இது உடம்புச் சூடு, இளநி குடிச்சா போயிரும்.”

சிரித்தபடி நெற்றியைத் துடைத்தார்.

நாளை அவரை ஈப்போ ஆஸ்பத்திரிக்குக் கூப்பிடப்போகிறேன். தொட்டியில் இருப்பது மருந்து என்றால் வரமாட்டார். விஷம் என்றே சொல்லிப் பார்க்கப்போகிறேன்.