நெளிந்த மூடி

சித்தப்பாவின் சாப்பாட்டு டப்பா மூடியில், விளிம்போரமாக, கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு நெளிசல் இருந்தது. சனத்நகரில் ஒரு கம்பெனியில் ஃபிட்டராக இருந்தபோது கீழே விழுந்து நெளிந்தது. தட்டி நிமிர்த்த அவருக்கு ஐந்து நிமிடம் போதும். கம்பெனி மெஷின்களையெல்லாம் சரிசெய்தவர் இதை மட்டும் அப்புறம் பார்க்கலாம் என்று விட்டுவிட்டார். அந்தச் சோம்பலில் அவருடைய மூன்று விரல்கள் போயின.

அவர்கள் கம்பெனியில் மனு எழுதினால் பெயர்களை வரிசையாகப் போட மாட்டார்கள். முதல் பெயருக்குத்தான் முதல் அடி விழும். அதனால் டப்பா மூடியைத் தாளில் கவிழ்த்து வட்டம் போட்டு, அதைச் சுற்றிக் கையெழுத்திடுவார்கள். யார் ஆரம்பித்தது என்று கண்டுபிடிக்க முடியாது. பிரஸ் மெஷினில் ஒருவருடைய கை நசுங்கிய வாரத்தில், வேலைநிறுத்தம் என்று அறிவித்து அப்படியொரு தாள் உள்ளே போனது. வட்டம் போட்டது சித்தப்பா. அதில் ஒரு பள்ளம் விழுந்திருந்ததை அவசரத்தில் யாரும் கவனிக்கவில்லை.

மேனேஜர் கவனித்தார். மறுநாள் காலை கேட்டில் நிறுத்தி, ஒவ்வொருவருடைய மூடியையும் தாளின்மேல் வைத்துப் பார்த்தார்கள். சித்தப்பாவுடையது கச்சிதமாகப் பொருந்தியது. வெளியிலிருந்து வரவழைத்த அடியாட்கள் அவரை உள்ளே இழுத்துப்போய் இரும்புக் குழாயால் அடித்தார்கள். அவர் தினமும் இரும்பை இறுக்கிப் பிடிக்கும் வைஸிலேயே அவருடைய வலது கையை வைத்துத் திருகினார்கள். கையெழுத்துப் போட்ட அறுபது பேரும் நின்று பார்த்தார்கள். அவர்களில் என் அப்பாவும் ஒருவர். மத்தியானத்துக்குள் எல்லோரும் வேலைக்குத் திரும்பிவிட்டார்கள்.

அதன்பிறகு எங்கள் காலனியில் யாரும் எதற்கும் வாய் திறந்ததில்லை. பத்து நாள் தண்ணீர் வராமல் நாலு பேர் கூடிப் பேசினால்கூட, “சனத்நகர் ஞாபகம் இருக்கா?” என்று யாராவது கேட்பார்கள், கூட்டம் கலைந்துவிடும். ஒரு கையை நொறுக்கி ஒரு தெருவையே முப்பது வருஷம் அடக்கி வைத்துவிட்டார்கள். அப்பாவை நான் கடைசிவரை மன்னிக்கவில்லை. சித்தப்பா மட்டும் அதைப்பற்றிப் பேசுவதே இல்லை. மூடியை நிமிர்த்தவும் இல்லை.

போன வருஷம், ஜீடிமெட்லாவில் நான் வேலை செய்யும் மருந்துக் கம்பெனியில் வால்வு வெடித்து, என் பக்கத்தில் நின்றவரின் முகம் வெந்துபோனது. தூக்கப் போன என் கையோடு அவருடைய தோல் வந்தது. அந்த வால்வை மாற்றச் சொல்லி மாதக்கணக்கில் கேட்டிருந்தோம். வேலைநிறுத்த மனுவுக்குத் தாளை எடுத்ததும் எங்கள் காலனிக்காரர்கள் பின்வாங்கினார்கள். “நக்கோ அண்ணா, வேணாம். உங்க சித்தப்பா கையைப் பார்த்துத்தானே வளர்ந்தோம்” என்றான் ஒருவன்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. வீட்டுக்குப் போய் அந்த மூடியையே கேட்டேன். “வேணாம்டா” என்று சொல்லிக்கொண்டே சித்தப்பா எடுத்துக் கொடுத்தார். எல்லோர் முன்னாலும் அதை வைத்து வட்டம் போட்டேன். “பிடிச்சா என்னைப் பிடிக்கட்டும். நீங்க தைரியமா கையெழுத்துப் போடுங்க” என்றேன். தயங்கித் தயங்கிப் போட்டார்கள். கடைசியில் வந்தவன் நக்கோ என்றவன்தான். கையெழுத்துப் போட்டுவிட்டு, தன்னுடைய மூடியை இரும்புத் தூணில் ஓங்கி ஒரு அடி அடித்து அதே அளவுக்கு நெளித்தான். மற்றவர்களும் தங்கள் மூடிகளோடு தூணருகே வந்தார்கள். தூணில் அடி விழும் சத்தம் மட்டும் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது.

தாளைக் கொடுத்த மறுநாள், வட்டத்திலிருந்த பள்ளத்தைப் பார்த்துவிட்டு, கேட்டில் எங்கள் பைகளைச் சோதித்தார்கள். திறந்த டப்பாவெல்லாம் நெளிந்த மூடி. யாரை அடிப்பது என்று தெரியாமல் அடியாட்கள் எல்லோரையும் அடித்தார்கள். ஒருவருக்குத் தாடை உடைந்தது. எனக்கு நெற்றியில் ஏழு தையல். ஆனால் ஒருவர்கூட உள்ளே போகவில்லை.

கட்டோடு போய் மூடியைத் திருப்பிக் கொடுத்தேன். சித்தப்பா என் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“உன்னை மட்டுமா அடிச்சாங்க?”

“இல்ல சித்தப்பா. எல்லாரையும்.”

“எல்லாரையுமா?”

“ஹவ், எல்லாரையும்தான்.”

இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன். பிறகு எழுந்துபோய்ச் சுத்தியலை எடுத்துவந்தார். வலது கையின் இரண்டு விரல்களால் மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, இடது கையால் தட்டி நிமிர்த்தினார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.